வலை விழும்வரை

முதல் கோடையில் என் உடம்பில் உடைந்தவை: இடதுகைப் பெருவிரல், ஒரு விலா எலும்பு, முன்பல்லின் நுனி. காரில் உடைந்தவற்றை எழுத இடம் போதாது. அந்த ஆண்டு நான் எடுத்தது கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்தில் வந்தவர் பாதியிலேயே காரை விற்றுவிட்டுப் போனவர்.

ஸ்டொக் கார் பார்வைக்கு வீதியில் ஓடும் கார் போலவே இருக்கும். கதவு தெரியும், திறக்காது. முன்விளக்கு ஒட்டியிருக்கும், எரியாது. தகரத்தை உரித்தால் உள்ளே ஒரு இரும்புக் குழாய்க் கூடு, ஒரு எஞ்சின், ஒரு இருக்கை. அந்தக் கூட்டுக்குள் ஏறி, முட்டை வடிவப் பாதையில், இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி, மற்றக் கார்களோடு உரசிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே இடிப்பது குற்றம் அல்ல. எப்படி இடித்தாய் என்பதுதான் கேள்வி. பின்பம்பரில் தட்டி ஒருவரை விலக்கலாம், அது தொழில். வலது பின்மூலையில் தன் முன்மூலையை மாட்டிக் கொளுவினால், அடிபட்ட கார் மூக்கால் மதிலுக்குள் போகும். அப்படிச் செய்தவரைத் தேடி, போட்டி முடிந்ததும் ஆட்கள் வருவார்கள். சிலர் வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

கிழமை நாட்களில் நான் மார்க்கம் நகரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வாகன உதிரிப்பாகங்களை உடையும்வரை வருத்துவது எங்கள் வேலை. என் மேசைக்கு வருவது பெரும்பாலும் இருக்கைப் பட்டிகள். இரண்டு முனைகளையும் இயந்திரத்தின் தாடைகளில் கொடுத்து, அறும்வரை இழுப்பேன். அறும்போது வெடி வெடித்தது போலச் சத்தம் வரும். புதிதாக வந்தவர்கள் துள்ளுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

எங்கள் அணியில் மூன்று பேர். அண்ணா மெக்கானிக். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் வைத்துத்தான் எஞ்சினை இறக்கி ஏற்றுவான். பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்கு முறைப்பாடு செய்து அலுத்துப்போனார். நான் ஓட்டுவேன். அம்மா பட்டி கட்டுவார்.

அம்மா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். நடக்க முடியாதவர்களைத் தொட்டில் போன்ற துணியில் கிடத்தி, பட்டி கொளுவி, இயந்திரத்தால் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது அவரது அன்றாடம். எனக்கு விலா உடைந்தபோது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் உனக்குப் பட்டி கட்டினது?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணா கையை உயர்த்தினான்.

"இனி நீ தொடாதை."

அடுத்த போட்டிக்கே அம்மா வந்துவிட்டார். கார்களைத் தயார்செய்யும் வளவை பிட் என்பார்கள். அணி ஊழியர் என்று வாசலில் கையெழுத்துப் போட்டால்தான் அதற்குள் விடுவார்கள். போட்டார். ஜன்னல் வழியாக அரை உடம்பை உள்ளே நுழைத்து, முழங்காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு, "மூச்சை வெளியாலை விடு" என்றார். நான் விட்டதும் தோள்பட்டியைப் பிடித்து ஒரே இழுவை. விட்ட மூச்சு திரும்பி வர இடம் இருக்கவில்லை.

"நோகுதோ?"

"ஓம்."

"நல்லது."

அதன் பிறகு எனக்கு விலா உடையவில்லை.

பட்டிக்கு அடுத்தது ஜன்னல் வலை. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி கிடையாது. தடித்த நைலோன் பட்டியால் பின்னிய வலைதான் இருக்கும். கார் உருளும்போது கை வெளியே போய் நசியாமல் அது காக்கும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மோதிய கார் நின்றதும், ஓட்டுநர் உள்ளிருந்தபடி தாழ்ப்பாளை இழுத்து வலையை விழுத்த வேண்டும். வலை விழுந்தால் ஆளுக்கு ஒன்றுமில்லை. விழாவிட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள்.

இதை அம்மாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "புகையைப் பாக்காதேங்கோ. தகரம் பறக்கிறதையும் பாக்காதேங்கோ. வலையை மட்டும் பாருங்கோ. விழுந்தால் நான் இருக்கிறன்."

"விழாட்டி?"

"விழும், அம்மா."

அந்தப் பாதையில் இன்னொரு தமிழனும் ஓடினான். ரெக்ஸ்டேலில் டோ ட்ரக் ஓட்டுகிறவன். ஒரு விபத்து நடந்தால் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு போக மூன்று டோ ட்ரக்குகள் வந்து நிற்கும். முந்தி அடிப்பவனுக்குத்தான் வேலை. றேஸிலும் அவன் அப்படித்தான் ஓடினான். ஒலிபெருக்கியில் அறிவிக்கிற மனிதர் நாங்கள் இருவரும் அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெயர்களையும் ஒரே மாதிரிக் கொலை செய்தார்.

என் கதவில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் ஒட்டியிருக்கும். ரெக்ஸ்டேல்காரன் ஒவ்வொரு முறையும் வந்து அதைத் தட்டுவான். "என்ன மிஸ், இண்டைக்கும் லிஸ்டோ? அதிலை என்ரை பேரும் இருக்கோ?"

"இருக்கு. குப்பை எண்ட தலைப்புக்குக் கீழை."

"அன்ரி, உங்கட மகளுக்கு வாய் கூடிப்போச்சு."

"உன்ரை காருக்கு பிரேக் குறைஞ்சுபோச்சு" என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே தன் பெரிய ஸ்டீல் பிளாஸ்கிலிருந்து அவனுக்கும் மல்லிக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். அவன் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போய், போட்டி தொடங்கியதும் என்னை இடிப்பான்.

மூன்றாவது கோடையில் ட்ரக் அணியொன்றின் முதலாளி வந்தார். பிக்கப் ட்ரக்கின் உருவத்தில் செய்த பந்தய வண்டிகள் அவை. ஸ்டொக் காரைவிடக் கனம், கூடிய வேகம், பெரிய பாதைகள், தொலைக்காட்சி. சொந்தச் செலவில் அடிபட்டுக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லோரும் போக ஏங்குகிற இடம். அவர் என்னையும் ரெக்ஸ்டேல்காரனையும் ஒன்றாகக் கூப்பிட்டு, அடுத்த ஆண்டுக்குத் தனக்கு ஒரு ஓட்டுநர் வேண்டும் என்றார். எங்கள் இருவரில் ஒருவர். கடைசிப் போட்டிவரை பார்த்துவிட்டுச் சொல்வார்.

அந்த ட்ரக் எனக்கு வேண்டும். அதற்கு முன் எதையும் நான் அப்படி விரும்பியதில்லை. வேலையில் இருக்கும்போது கை ஸ்டியரிங் பிடிப்பது போல மடங்கியபடி இருந்தது. சாப்பாட்டு மேசையில் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த போட்டியில் அவன் என்னைப் புல்லுக்குள் தள்ளினான். அதற்கடுத்ததில் நான் அவனை மதிலோடு வைத்து, வலப்பக்கத் தகரம் முழுவதையும் உரித்தெடுத்தேன். அன்று பிட்டில் அவனுடைய ஆள் ஒருவன் அண்ணாவின் காதைக் கடித்தான். அண்ணா அவன் தலையை ட்ரெய்லர் கதவில் மோதினான். கடைசிக்கு முந்தின போட்டியில் ரெக்ஸ்டேல்காரன் உட்புறமாக வந்து நேரே என் கதவில் ஏறினான். கதவுக் குழாய் வளைந்து இடுப்பில் இறங்கியது. வீட்டில் ஐஸ் வைத்தபோது அம்மா அந்த இடத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் நிறத்தில், உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தது.

"அடி எப்பவும் இந்தப் பக்கத்தாலைதான் வருகுது" என்றார்.

கடைசிப் போட்டியன்று அம்மா கோயில் நூல் கொண்டுவந்தார். அது புதிதல்ல. முதல் ஆண்டிலேயே காரை ட்ரெய்லரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயர் தீபம் காட்டி, ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் என் தலைக்கு மேலே போகும் குழாயில் ஒரு சிவப்பு நூல் கட்டுவார். அன்று பட்டியை இழுத்து, வலையை மாட்டிய பிறகு, அவருடைய கை வழக்கத்தைவிட நேரம் ஜன்னலடியில் நின்றது. ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் போட்டால் தலையைத் திருப்ப முடியாது. எதையோ சரிபார்க்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் போட்டியில் நான் நன்றாக ஓடினேன். ரயரை வீணாக்காமல் பாதுகாத்து, கடைசிச் சுற்றுகளில் முன்னேறி, எனக்கு முன்னால் ஒருவரும் இல்லாத நிலைக்கு வந்தேன். ரெக்ஸ்டேல்காரன் பின்னால் வந்தான். உட்புறம் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. வெளிப்புறமாக ஏறினான். அவனது இடது முன்பக்கம் என் வலது பின்மூலைக்கு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவன் விலகவில்லை. ஸ்டியரிங்கை என் பக்கம் திருப்பினான்.

கொளுவியது.

என் கார் வலப்பக்கம் சட்டென்று திரும்பியது. முன்கண்ணாடி முழுவதும் மதில். கை ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு முறியும், விட்டேன். மதிலில் மூக்கு இறங்கியபோது தோள்பட்டி என்னைப் பிடித்த பிடியில் கண் இருண்டது. எஞ்சின் என் முழங்காலை நோக்கி வந்தது. பிறகு கார் மதிலில் ஏறி, புரண்டு, கூரையில் இடித்து, மறுபடி புரண்டது. வானம், தார், வானம், தார். எங்கேயோ என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதுகிற சத்தம். கடைசியில் நான்கு சக்கரத்திலும் விழுந்து நின்றது. உடைந்த ரேடியேற்றரிலிருந்து வெள்ளை ஆவி எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

விரல்கள் அசைந்தன. கால்கள் அசைந்தன. கழுத்து நொந்தது, ஆனால் என் சொல் கேட்டது. நெருப்பு இல்லை. வாயில் இரத்தம். ரேடியோவில் பேச வாயெடுத்தேன். வயர் அறுந்து தொங்கியது. இனி வலை. தாழ்ப்பாளை இழுத்தேன்.

வரவில்லை. மறுபடி இழுத்தேன். கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். தாழ்ப்பாளையும் குழாயையும் சேர்த்துச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக, குங்குமம் அப்பிய சிவப்பு நூல்.

கையுறையோடு முடிச்சை அவிழ்க்க முடியாது. முதலாம் ஆண்டு உடைந்த பெருவிரல் சரியாகப் பிடிக்காது. பல்லால் கடிக்க ஹெல்மெட் விடாது. கையை வெளியே நீட்டலாம் என்றால் வலைதான் தடுக்கிறது.

ஆவி விலகிய நேரத்தில் வலையின் ஓட்டைகள் வழியே ரெக்ஸ்டேல்காரனைக் கண்டேன். காரைக் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். அவனுக்குப் பின்னால் பிட்டின் குட்டை மதிலைத் தாண்டி அம்மா வந்துகொண்டிருந்தார். கையில் பிளாஸ்க்.

"அம்மா!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றது அந்தச் சத்தம்.

அவர் ஓடவில்லை. வேலைத்தளத்தில் மணியடித்த அறைக்குப் போவது போல வேகமாக நடந்தார். அவன் திரும்பினான். பிளாஸ்கால் முதல் அடி மூக்கில் விழுந்தது. மூக்கு ஒரு பக்கம் போனதையும், இரத்தம் வெள்ளை உடுப்பில் இறங்கியதையும் நான் கண்டேன். இரண்டாவது காதில். அவன் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. மூன்றாவதில் முழந்தாளில் விழுந்தான். அப்போதும் கையைத் தூக்கவில்லை. அம்மா நிதானமாக, இடம் பார்த்து அடித்தார்.

அவனுடைய ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து முகங்குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினான். இன்னொருவன் அம்மாவின் கையிலிருந்து பிளாஸ்கைப் பறிக்கக் குனிந்தபோது, அண்ணா சக்கரம் கழற்றும் இரும்பால் அவன் முன்கையில் போட்டான். அந்தச் சத்தத்தைப் பிறகு யாரோ கைபேசியில் எடுத்த காணொளியில்தான் கேட்டேன். பட்டி அறுவது பெரிய சத்தம். எலும்பு முறிவது அதைவிடச் சின்னது.

மீட்பு ஆள் வலையை இழுத்துப் பார்த்து, திட்டி, கத்தியால் நூலை அறுத்தார். வலை விழுந்தது. தாரில் கன்னம் அழுந்தக் கிடந்த அம்மா அதைப் பார்த்தார். திமிறுவதை நிறுத்தினார். கண்ணை மூடினார்.

அடுத்த கிழமை பாதை நிர்வாகத்தின் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அம்மாவின் உதட்டில் தையல். ரெக்ஸ்டேல்காரனுக்கு மூக்கில் கட்டு, இரண்டு கண்களைச் சுற்றியும் கறுப்பு. ட்ரக் முதலாளி பின்னால் ஒரு கதிரையில் இருந்தார்.

கொளுவியதைப் பற்றிக் கேட்டபோது, தற்செயலாகப் பட்டது என்றான் அவன். அதற்கு மேல் அதை யாரும் கிளறவில்லை. அண்ணாவும் அவனுடைய ஆட்களும் அடிபட்டதை இரண்டு பக்கத்துக்கும் சமம் என்று தள்ளிவிட்டார்கள். பிறகு அதிகாரி என்னிடம் திரும்பினார். இந்தப் பெண் பார்க்க வந்தவர் என்றால் அவருக்கு மட்டும் தடை, உன் ஊழியர் என்றால் ஓட்டுநரே பொறுப்பு, அடுத்த கோடை முடியும்வரை உனக்கும் தடை என்றார். வாசலில் போட்ட கையெழுத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை, எல்லோரும் போடுவதுதானே என்றும் சொன்னார். உதவி செய்யத்தான் பார்த்தார்.

அம்மா முந்திக்கொண்டு ஆங்கிலத்தில், "நான் சும்மா பார்க்க வந்த ஆள்" என்றார்.

அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். "இது வலைத் தாழ்ப்பாளில் கட்டியிருந்ததாம். என்ன இது?"

அறுந்த சிவப்பு நூல். அம்மா அதைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது. தாழ்ப்பாள் நெளிந்து இறுகிவிட்டது என்றுதான் வீட்டில் நான் சொல்லியிருந்தேன். அவருடைய கை வாய்க்குப் போய், தையலில் பட்டு, திரும்பி வந்தது.

"நான் கட்டினது, பிள்ளை" என்றார் தமிழில். "அடி அந்தப் பக்கத்தாலை வருகுதெண்டு கட்டினனான். அதாலையே விழேல்லை?"

நான் பதில் சொல்லுமுன் ரெக்ஸ்டேல்காரன் பேசினான். மூக்கடைத்த குரல். "அன்ரி, நானும் வலையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். விழேல்லை. ஆள் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அதுதான் நீங்க அடிக்கேக்கை கை தூக்கேல்லை."

என்ன பேசுகிறீர்கள் என்றார் அதிகாரி. தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை, பொலிசும் வேண்டாம் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

ட்ரக் முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பார்க்க வந்தவர் என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், மதில் தாண்டி வந்த யாரோ ஒரு பைத்தியக்காரி என்ற கணக்கில்தான் அம்மாவை வெளியே அனுப்புவார்கள். மதிலில் மோதிய வேகத்துக்கு என் நெஞ்சுக்கூடு நொறுங்காமல் இருந்ததற்குக் காரணம் அவர் இழுத்த இழுவை.

"பார்வையாளர் அல்ல" என்றேன். "பட்டியும் வலையும் அவர் பொறுப்பு. என் ஊழியர்."

ட்ரக் முதலாளி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ரெக்ஸ்டேல்காரன் வந்தான். "மிஸ், ட்ரக் எனக்குத்தானாம். வேற ஆக்கள் சொல்லி நீங்க கேக்கக்கூடாது."

"வேணுமெண்டுதானே கொளுவினனீ?"

மூக்குக் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "ஓம்."

"திருப்பியும் செய்வியோ?"

யோசித்தான். "தெரியேல்லை." கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினான். "அன்ரியின்ரை பிளாஸ்க் நெளிஞ்சுதோ?"

"இல்லை."

"நல்ல பிளாஸ்க்."

அந்த வாரம் முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை. நான் வீட்டில் மிச்சமிருந்த கோயில் நூலை வேலைக்குக் கொண்டுபோய், மதிய இடைவேளையில் அம்மா கட்டியது போலவே சுற்றி, இயந்திரத்தில் கொடுத்து இழுத்தேன். நான் எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் தாங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "அது நல்ல நூல், அம்மா. லேசிலை அறாது. கட்டின இடம்தான் பிழை."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாப்பிடு" என்றார்.

தடை இருந்த கோடையில் ட்ரக் பந்தயங்களை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். ரெக்ஸ்டேல்காரன் நன்றாக ஓடினான். அதைப் பார்ப்பது எனக்குக் கதவடி வாங்கியதைவிட நொந்தது. இலையுதிர் காலத்தில், என் தடை முடிந்து சில நாட்களில், அவன் ட்ரக் மதிலில் ஏறிப் புரண்டது. தொலைக்காட்சி திரும்பத் திரும்ப அதையே காட்டியது. வேலை உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். புகையைப் பார்க்கவில்லை. தகரத்தைப் பார்க்கவில்லை. மடித்த சட்டை அவர் கையில் கசங்கியது.

வலை மெதுவாக, ஒரு பக்கம் சரிந்து, விழுந்தது.

"விழுந்திட்டுது" என்றார். பிறகு, "பெடியனுக்குக் கையிலை என்னவோ. இழுத்த விதம் சரியில்லை."

மணிக்கட்டு முறிந்திருந்தது. ட்ரக் முதலாளி மறுநாளே எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஆண்டின் கடைசிப் போட்டிக்கு ஆள் வேண்டும். நன்றாக ஓடினால் பிறகு பேசலாம். நான் வருகிறேன் என்றேன், ஆனால் பட்டி கட்ட என் ஆளும் வருவார் என்றேன். பிளாஸ்க் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்றார் அவர்.

போட்டியன்று காலையில் கோயில் நூலை அம்மா என் கணுக்காலில், காலுறைக்குள் கட்டினார். பருத்தியா என்று பார்த்த பிறகுதான் விட்டேன்; நைலோன் என்றால் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். ட்ரக்கில் நான் ஏறுமுன் அம்மா ஜன்னலடியில் நின்று தாழ்ப்பாளை இழுத்தார். வலை விழுந்தது. மாட்டினார். இழுத்தார். விழுந்தது. அந்த அணியின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மூச்சை வெளியாலை விடு."

விட்டேன். இழுத்தார்.

"நோகுதோ?"

"ஓம்."

"நல்லது."

கடைசியாக வலையை மாட்டிவிட்டு, தலையைத் திருப்ப முடியாத எனக்குத் தெரியும்படி முன்கண்ணாடிப் பக்கம் வந்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை.